அமைச்சர் கதிரையிலிருந்து ஒலிவாங்கிக்கு: நாம் எப்படிக் கேட்பது?

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் என்னிடம் கடந்த தவணையில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அமைச்சராக இருந்தவரே பொட்காஸ்டில் சொல்கிறார். அப்படியென்றால் அது சரியாகத்தானே இருக்கும்?"

அவன் கேட்டுக்கொண்டிருந்தது 'த ரெஸ்ட் இஸ் பொலிடிக்ஸ்' என்ற பிரித்தானிய நிகழ்ச்சி. அவனுக்குச் சொன்ன பதில் நமக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2022 மார்ச் முதல் இந்நிகழ்ச்சியை இருவர் நடத்துகின்றனர். ஒருவர், பிரதமர் டொனி பிளேயரின் ஊடகப் பொறுப்பாளராக இருந்த அலஸ்டயர் கெம்பல். மற்றவர் எதிர்முகாமான கொன்சர்வேட்டிவ் கட்சியில் இருந்த ரோரி ஸ்டுவர்ட். 2010 முதல் 2019 வரை பாராளுமன்றத்தில் இருந்த ஸ்டுவர்ட், சுற்றாடல், வெளிவிவகாரம், சிறைச்சாலைகள், சர்வதேச அபிவிருத்தி எனப் பல பொறுப்புகளை வகித்தவர். 2019இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பொரிஸ் ஜோன்சன் பிரதமரானதும் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

இத்தகையவர்களின் பேச்சில் பயன் இல்லாமல் இல்லை. பதவியில் உள்ள அமைச்சர் கூட்டுப் பொறுப்புக்குக் கட்டுப்பட்டவர். அமைச்சரவையின் முடிவு பிடிக்காவிட்டாலும் வெளியே அதை ஆதரித்தே பேச வேண்டும். பதவி போனதும் அந்தக் கட்டு அவிழ்கிறது. ஒரு துறையைப் புரிந்துகொள்ளும் முன்பே அமைச்சர் வேறு துறைக்கு மாற்றப்படுவது போன்ற பாடப்புத்தகத்தில் இல்லாத உண்மைகள் அப்போதுதான் வெளிவருகின்றன.

ஆனால் விளக்கம் சொல்வது வேறு, பொறுப்புக் கூறுவது வேறு.

2018 ஓகஸ்டில் சிறைச்சாலைகள் அமைச்சராக இருந்த ஸ்டுவர்ட், 10 சிறைச்சாலைகளில் ஒரு வருடத்துக்குள் வன்முறையும் போதைப்பொருளும் குறையாவிட்டால் பதவி விலகுவேன் என்று அறிவித்தார். அந்த வருடம் முடியும் முன்பே அவர் வேறு அமைச்சுக்கு உயர்த்தப்பட்டார் என்பது உண்மை. இருந்தாலும், தன் சொல்லுக்குத் தன் பதவியையே அவர் பிணையாக வைத்தார். அதே மனிதர் 2024இல் அமெரிக்கத் தேர்தலில் கமலா ஹாரிஸ் வெல்வார் என்று உறுதியாகக் கூறினார். வென்றவர் டிரம்ப். தவறை ஸ்டுவர்ட் ஒப்புக்கொண்டார், நிகழ்ச்சி தொடர்ந்தது. ஒலிவாங்கியின் முன் சொல்லும் சொல்லுக்குப் பிணை எதுவும் இல்லை.

பாராளுமன்றத்தில் அமைச்சரைக் கேள்வி கேட்பவர்கள் எதிர்க்கட்சியினர். குழுக்களும் அழைத்து விசாரிக்கும். பொட்காஸ்டில் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நண்பர். வருமானம் தருவது விளம்பரங்களும் சந்தா கட்டும் நேயர்களும்.

ஈராக் விடயத்தை எடுத்துக்கொள்வோம். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகவும் அவற்றை 45 நிமிடங்களில் தயார்படுத்த முடியும் என்றும் பிளேயர் அரசு 2002 செப்டெம்பரில் ஆவணம் வெளியிட்டபோது, கெம்பல் பிளேயரின் அலுவலகத்தில் இருந்தார். ஆயுதங்கள் கண்டுபிடிக்கப்படவே இல்லை. ஆவணத்தை மிகைப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து 2004இல் ஹட்டன் விசாரணை அவரை விடுவித்தது. ஸ்டுவர்ட் 2003 முதல் 2004 வரை தென் ஈராக்கில் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் பணியாற்றியவர். இன்று அவர்கள் ஈராக்கைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்பது வெளியே நின்று பார்த்தவர்களின் தீர்ப்பை அல்ல, உள்ளே இருந்தவர்களின் சாட்சியத்தை. சாட்சியத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் சாட்சியே நீதிபதியாக முடியாது.

நம் நாட்டிலும் பதவி இழந்த அரசியல்வாதிகள் யூடியூப்பில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆகவே அந்த மாணவனிடம் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இவர் அதிகாரத்தில் இருந்தபோது இதே விடயத்தில் என்ன செய்தார்? இப்போது இவரைக் குறுக்குக் கேள்வி கேட்பவர் யார்? இவர் சொல்வது பிழைத்தால் நட்டம் யாருக்கு?

அடுத்த வாரம் அவன் வந்து, "சேர், மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை" என்றான். அதுதான் பதில் என்றேன்.