இரு தேர்தல்களும் பிறநாட்டுப் பத்திரிகைகளும்

பிறநாட்டுத் தேர்தலொன்றைப் பற்றி எழுதும் பத்திரிகை, பொய்யேதும் கூறாமலே படிப்போரை ஒருபுறஞ் சாய்த்துவிடல் கூடும். எதனை வினவுவது, எதனை வினவாது விடுவது என்னுந் தெரிவே அதற்குப் போதும். 1984 ஆம் ஆண்டு மத்திய அமெரிக்காவில் நடைபெற்ற இரு தேர்தல்கள் இதற்குத் தக்க சான்றாம்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் எல் சல்வடோரிலும், நவம்பர் 4 ஆந் திகதி நிக்கரகுவாவிலும் மக்கள் வாக்களித்தனர். முன்னையதன் அரசை ஐக்கிய அமெரிக்கா பொருளும் படைக்கலமும் ஈந்து தாங்கிற்று. பின்னையதன் சண்டினிஸ்டா அரசை வீழ்த்தப் போராடிய கொன்ராப் படையினருக்கும் அதுவே துணைநின்றது.

எல் சல்வடோரைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் தீட்டிய சித்திரத்தில் முதன்மை பெற்றவை நீண்ட வாக்காளர் வரிசைகளே. கெரில்லாக்களின் அச்சுறுத்தலையும் பொருட்படுத்தாது மக்கள் திரண்டனர் என்றனர். வரிசை நீண்டது மெய்யே. ஆயின் அங்கு வாக்களித்தல் சட்டப்படி கட்டாயம்; வாக்களித்தோரின் அடையாள அட்டையில் முத்திரை குத்தப்பட்டது. முத்திரையில்லா அட்டையுடன் படைவீரர் முன் நிற்க எவர்தாம் துணிவர்? ‘லா குரோனிக்கா’, ‘எல் இந்திபெந்தியென்தே’ என்னும் அரசை எதிர்த்த பத்திரிகைகள் இரண்டும் 1981 ஆம் ஆண்டுக்குள் வன்முறையால் மறைந்திருந்தன. முன்னையதன் ஆசிரியர் கொலையுண்டார். இடதுசாரித் தலைவர்கள் உயிர்க்கு அஞ்சாது போட்டியிடும் நிலை இருக்கவில்லை. இவைபற்றிய வினா அருகியே எழுந்தது.

நிக்கரகுவாவுக்கு வந்ததும் அளவுகோல் மாறிற்று. வரிசைகளின் நீளத்தை எவரும் அளந்திலர். பத்திரிகைத் தணிக்கையும், எதிரணிக் கூட்டங்களில் நேர்ந்த குழப்பமும், அர்த்தூரோ குரூஸ் போட்டியிட மறுத்தமையுமே தலைப்புக்களாயின. இக்குறைகள் கற்பனையல்ல. ‘லா பிரென்சா’ தணிக்கைக்குட்பட்டது உண்மை. எனினும் அது வெளிவந்துகொண்டேயிருந்தது. வாக்களித்தல் கட்டாயமன்றாகவும் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஏழு கட்சிகள் போட்டியிட, டானியேல் ஓர்ட்டேகா ஏறத்தாழ 67 விழுக்காடு பெற்றார்.

இவ்வேற்றுமையை எட்வேட் ஹேர்மனும் நோம் சோம்ஸ்கியும் 1988 இல் வெளியிட்ட நூலில், ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ கட்டுரைகளைப் பொருள்வாரியாக எண்ணிக் காட்டினர். இருவரும் அமெரிக்க அரசின் கொள்கையைக் கண்டித்தவர்கள், நடுநின்றோரல்லர். ஆயினும் ஒரே வினாப்பட்டியலை இரு நாடுகளுக்கும் பொருத்திப் பார்க்கும் அவர்தம் முறையை, அவர் அரசியலை ஏற்காதாரும் கையாளலாம். மாணவர் எந்நாட்டுத் தேர்தற் செய்திக்கும் இதனைப் பயன்படுத்திப் பார்த்தல் நன்று.

நிக்கரகுவாத் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், நவம்பர் 6 இரவு, சோவியத் கப்பலொன்று ‘மிக்’ போர் விமானங்களை அந்நாட்டுக்குக் கொணர்கிறது என்னும் செய்தி அமெரிக்காவிற் பரவிற்று. கப்பலில் அத்தகைய விமானங்கள் இல்லையென்பது பின்னர் தெளிவாயிற்று. அதற்குள் தேர்தல் முடிவு பின்தள்ளப்பட்டிருந்தது.