எலியும் தெள்ளும்

இரண்டு வருஷங்களுக்கு முன் பம்பாயைப் பீடித்த பிளேக் மகாமாரி 1898இல் பெங்களூரை அடைந்தபோது, நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஓசூருக்கும் அந்நகருக்கும் நடுவே நின்றது மைசூர் சமஸ்தானத்தின் எல்லைக்கோடு மாத்திரமே. எலிக்கோ, அதன் சரீரத்தில் வாழும் தெள்ளுப்பூச்சிக்கோ அக்கோடு ஒரு பொருட்டன்று.

ஹாங்காங்கில் 1894இல் யெர்சின் என்ற மருத்துவர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்திருந்தார். 1897 ஜனவரியில் பம்பாயில் ஹாப்கின் என்ற விஞ்ஞானி, தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். ஆயினும், எலியினின்று மனிதனுக்கு நோயைக் கொணர்வது தெள்ளே என்று 1898இல் கராச்சியில் ஸிமோன் என்ற மருத்துவர் பரிசோதனையால் காட்டியதைப் பண்டிதர் பலர் வருஷக்கணக்கில் அங்கீகரிக்கவில்லை என்பதை நினைக்கையில் நெஞ்சம் பதைக்கிறது.

ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு அண்டையிலுள்ள கோலார் ஜில்லாவின் முளபாகலில் 1966இல் காணப்பட்டபின் அடங்கியிருந்த பிளேக், 1994இல் சூரத்தில் மறுபடி தலைகாட்டிற்று. பூச்சிகளாலும் பிராணிகளாலும் பரவும் வியாதிகளை ஆராயும் தமிழக அரசின் நிலையம் ஓசூரிலேயே இயங்குகிறது.