எழுவான்கரைப் புறாவும் படுவான்கரைப் புறாவும்

தேத்தண்ணி கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் முற்றத்தைப் பாருங்கள். மணலைக் கொத்திக்கொண்டு நடக்கிறதே, அது புள்ளிப்புறா. பின்கழுத்தில் கறுப்புப் பட்டி, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில், கல்லடியானாலும் களுவாஞ்சிக்குடியானாலும், இது வராத வளவு குறைவு.

மரகதப்புறாவும் நிலத்தில் நடந்து இரை பொறுக்குவதுதான். ஆனால் அதற்கு நிழல் வேண்டும். வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களையும் தாண்டி, குடும்பிமலைப் பக்கம்போல மரம் அடர்ந்த இடத்தில்தான் தேட வேண்டும். உதிர்ந்த பழமும் விதையும் சருகுக்குள் கிடக்கும். அதுதான் அதன் சாப்பாடு.

கரையை மட்டும் வைத்துப் பிரித்துவிடவும் முடியாது. பெரும்போக வெள்ளாமை வெட்டியதும் சிந்திய நெல்லுக்குப் படுவான்கரை வயலிலும் புள்ளிப்புறா வந்து இறங்கும். வெயில் விழும் தரையா, நிழல் தரையா என்று பாருங்கள். பாதிக் கேள்வி அதிலேயே தீரும்.

மீதிப் பாதி, அது பறக்கும் விதத்தில் இருக்கிறது. ஆள் கிட்டப் போனால் புள்ளிப்புறா படபடவென்று சிறகடித்து மேலே எழும்பும். விரிந்த வாலின் ஓரங்களில் வெள்ளை தெரியும். திறந்த வெளியில் மேலே போக இடமுண்டு. காட்டுக்குள் மேலே கிளையும் கொடியும்தானே? மரகதப்புறா தாழ்வாக, நேராக, மரங்களுக்கிடையே பாய்ந்து மறையும். முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு வெளிறிய பட்டைகள் கண்ணில் பட்டால் அதுதான்.

பச்சை நிறத்தை நம்பிப் போகாதீர்கள். படங்களில் மினுங்கும் அந்தச் சிறகு காட்டு நிழலில் கருமையாகத்தான் தெரியும். வெயில் கீற்று விழுந்தால்தான் பச்சை. சிவந்த அலகு அதைவிட நல்ல அடையாளம். ஆணுக்கு நெற்றி வெள்ளை, உச்சந்தலை சாம்பல். பெண் பழுப்புக் கூடியது. ஆல், அரச மரங்களில் கூட்டமாகப் பழம் தின்னும் பச்சைப்புறா வேறு இனம். அது தரைக்கு வருவது அபூர்வம்.

மரகதப்புறா தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. அங்கும் பலர் அதைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் இரண்டுக்கும் பொது. சுள்ளி நாலைந்தை அடுக்கியதுபோல் ஒரு கூடு, இரண்டு முட்டை. குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும். தண்ணீரைத் தலை நிமிர்த்தாமல் உறிஞ்சிக் குடிக்கும்.

காட்டோரம் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. தாழப் பறக்கும் மரகதப்புறாவுக்குக் கண்ணாடிச் சுவர் ஆபத்து. அதில் தெரியும் மரங்களை உண்மையென்று நம்பி வேகமாக வந்து மோதிச் சாகும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நான்கு விரல் இடைவெளி விட்டுப் பட்டைகள் ஒட்டுங்கள். உட்பக்கம் ஒட்டினால் அவ்வளவாகப் பயனில்லை; பிம்பம் விழுவது வெளியே.