எதிர்ப்பாற்றல் என்றால் எதிர்ப்பது மட்டுமா?

குள்ளஞ்சாவடியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். "இரத்த வெள்ளை அணுக்களின் வேலை என்ன?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும், "கிருமியோட சண்டை போடும், சார்" என்றுதான் பதில் வரும். பதில் சரிதான், ஆனால் பாதிதான். எங்கே சண்டை போடக் கூடாது என்று அறிவதும் அந்த அணுக்களின் வேலையே. அது தவறினால் என்ன ஆகும் என்பதைக் குடல் அழற்சி நோயுள்ள குழந்தைகளிடம் காணலாம். குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் இதன் இரு முக்கிய வகைகள்.

நம் குடலில் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. அவற்றுக்கும் நம் உடலுக்கும் நடுவே இருப்பது சளிப்படலமும், ஒரே ஒரு செல் தடிமனுள்ள உட்சுவரும்தான். சுவருக்குப் பின்னால் நோய்த்தடைகாப்புச் செல்கள் ஏராளமாக உள்ளன. அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள், சுவரைத் தாண்டி வரும் பாக்டீரியாவை விழுங்கிவிட்டு ஆரவாரமின்றி இருந்துவிடும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள், மற்ற டி செல்கள் வரம்பு மீறாமல் அடக்கி வைக்கும்.

நம் பகுதி மாணவர்களுக்கு இதை விளக்க நெய்வேலிச் சுரங்கம் உதவும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு இருக்கிறது. பம்புகள் இரவு பகலாக நீரை இறைப்பதால்தான் அது தளத்தைப் பிளந்து மேலே வருவதில்லை. குடலின் அமைதியும் அப்படி ஓயாத வேலையால் காக்கப்படுவதே.

ஒழுங்குபடுத்தும் டி செல்களை 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். 2001-இல் அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டறிந்தனர். அதில் பிழையோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் வயிற்றுப்போக்கு வரும். மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இன்டர்லூக்கின்-10 என்ற புரதம் செல்களை அமைதிப்படுத்துவது. அதை ஏற்கும் ஏற்பி பழுதானால் பச்சிளம் பருவத்திலேயே கடுமையான குடல் அழற்சி வரும் என்பது 2009-இல் தெரியவந்தது.

ஆனால், நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படி ஒற்றை மரபணு காரணமாக இருப்பதில்லை. மரபு, குடல் பாக்டீரியா, சூழல் எல்லாம் சேர்கின்றன. விளைவு மட்டும் ஒன்றே. மேக்ரோஃபேஜ்கள் டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன, நியூட்ரோஃபில்கள் திரண்டு வருகின்றன, குடற்சுவர் புண்ணாகிறது. நியூட்ரோஃபில்களிலிருந்து வெளியாகும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை மலப் பரிசோதனையில் அளந்தே குடலில் அழற்சி இருப்பதை அறியலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து டிஎன்எஃப்-ஐப் பிடித்து முடக்குகிறது.

ஆகவே இக்குழந்தைகளுக்கு "எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று டானிக் வாங்கித் தரச் சொல்வது பொருந்தாது. அவர்களின் செல்கள் ஓய்வறியாமல் போரிடுவதுதான் சிக்கல்.

வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வயிற்றுவலி, எடை குறைவு, உயரம் கூடாமை ஆகியவை அறிகுறிகள். அழற்சி, உடலில் உள்ள இரும்புச்சத்தைப் பயன்படவிடாமல் பூட்டிவைப்பதால், பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் சோகை தீராமல் இருக்கலாம். குடல் காசநோயும் இதே போலத் தோன்றும். மருந்தோ முற்றிலும் வேறு. எனவே கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல், குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

நோய் உறுதியான குழந்தை வகுப்பில் இருந்தால், இது தொற்றுநோய் அல்ல என்பதை முதலில் நாம் தெளிவாக உணர வேண்டும். சிகிச்சை மருந்துகள் எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை என்பதால், வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே அக்குழந்தையின் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கழிப்பறைக்குச் செல்ல, கேட்காமலே எழுந்து போகும் உரிமையை அக்குழந்தைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பலர் முன்னிலையில் "இப்பதானே போயிட்டு வந்த?" என்று ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் அக்குழந்தை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும். வளர்ச்சி குன்றிய உடலுக்கு அந்தப் பட்டினி எவ்வளவு கேடு என்று சொல்ல வேண்டியதில்லை.