வீட்டில் ஜீப் வாங்கும் பேச்சா?

"வளையலை அடகு வச்சாவது ஒரு ஜீப் வாங்கிடணும்" என்று வீட்டில் பேச்சு எழுகிறதா, சகோதரிகளே? விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் பக்கத்துக் கரும்புக்காட்டுச் சேற்றில் மழைக்காலம் போய் வந்தவர்களுக்கு அந்த ஆசை புரியும்.

1947-ல் மகிந்திரா கம்பெனி அமெரிக்காவின் வில்லீஸ் ஜீப் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னாளில் ஹரியானாவின் மண்டி டப்வாலியில், ராணுவம் ஏலம்விட்ட ஜீப்புகளைப் பிரித்து, வேறு எஞ்சின், பெரிய டயர் பூட்டி விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது. பழைய புடவைக்குப் புது ஜரிகை வைத்த மாதிரி, பார்க்க ஜோர்தான்!

ஆனால் கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் இருந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் தகராறுதான். சேஸிஸ் எண்மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் காசைத் தேய்ப்பார்களே, அதுபோல எண் பதியும். ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லையா, ஒரு பைசா முன்பணம் கொடுக்க விடாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை பின்சீட்டுதான். பல பழைய ஜீப்புகளில் பக்கவாட்டு பெஞ்சுக்கு பெல்ட் கிடையாது. டயர் பெரிதாகி வண்டி உயர்ந்தால், வளைவில் கவிழும் அபாயமும் கூடும். கைக்குழந்தையோடு அங்கே உட்காரச் சொன்னால், "நீங்க போங்க, நான் பஸ்ஸில் வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.