பழைய கார் வாங்குறீங்களா? ஆர்.சி. உங்க பெயருக்கு மாறினால்தான் அது உங்க கார்!

இரண்டு குழந்தைகள், வயதான பெற்றோர், மாதத்துக்கு இரண்டு முறை சொந்த ஊர்ப் பயணம். இப்படி ஒரு குடும்பத்துக்கு ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, க்விட் மாதிரி சின்ன கார் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலே போதும், பெரிய நிம்மதி. ஆனால் சாவியை வாங்கிக்கிட்டு, ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு பலரும் நினைக்கிறாங்க. சட்டப்படி வேலையே அங்கேதான் தொடங்குகிறது. அதை வரிசையாகப் பார்க்கலாம்.

விலை பேசுவதற்கு முன்

2025 செப்டம்பர் 22 முதல், 1200 சி.சி.க்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ் சேர்த்து 29 சதவீதம் இருந்தது. விற்பவர் "புதுசு இவ்வளவு, அதனால பழசு இவ்வளவு" என்று சொன்னால், அவர் சொல்வது வரி குறைப்புக்கு முந்தைய விலையா என்று பாருங்க. ஷோரூமில் இன்றைய விலையைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.

பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். முதலில் பதிவான தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் இணையதளத்தில் அதே எண்ணுக்கு அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்க. இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரைக் கட்டச் சொல்லுங்க.

ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், "கடன் முடிஞ்சிடுச்சு சார்" என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆய்வு செய்து, கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2011-ல் பதிவான கார் மலிவாக வந்தால், இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்க.

காரைப் பார்க்கும்போது

பகல் வெளிச்சத்தில், என்ஜின் சூடாகாத நிலையில் பாருங்கள். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிக்கல் வெளியே தெரியாது. சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. ஓடியது 30,000 கிலோமீட்டர்தான் என்று மீட்டர் காட்டுகிறது. ஆனால் பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் வழவழன்னு தேய்ஞ்சு போயிருக்கு. அப்படியானால் சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்க. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைப் பதிந்திருப்பார்கள்.

சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவிப் பாலிஷ் போட்டுவிட்டால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க. சேற்றுக் கறை இருக்கலாம். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புக் கம்பிகளில் துரு, தரை விரிப்புக்குக் கீழே ஈர வாடை, விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, இவையும் அடையாளங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டுப் போனால் இன்னும் நல்லது.

பெயர் மாற்றம்: யார், எத்தனை நாளில்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 50-வது பிரிவு இருவருக்குமே கெடு வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்பவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். விற்பனை அறிவிப்புக்குப் படிவம் 29, பெயர் மாற்ற விண்ணப்பத்துக்குப் படிவம் 30. பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டலாம். அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை தயாராக இருக்கட்டும். உரிமையாளர் இறந்துவிட்ட வாகனம் என்றால் வாரிசு படிவம் 31-ல் விண்ணப்பித்து முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும்.

"எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன், அவர் மாத்திக்குவார்" என்று விற்பவர் இருந்துவிடக் கூடாது. பல கை மாறியும் ஆர்.சி. முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்த ஒரு கார், விபத்தில் சிக்கியது. அந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று தீர்ப்பளித்தது. அதாவது நீங்கள் காரை விற்று, பணத்தைச் செலவும் செய்த பிறகு, முகமே தெரியாத ஒருவர் ஓட்டி யாரையோ இடித்தால், நோட்டீஸ் உங்க வீட்டு வாசலுக்கு வரும்.

புரோக்கர் அல்லது டீலர் வழியாக விற்றாலும் இதே கவனம் தேவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வாகன டீலர் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். காரை அவரிடம் ஒப்படைத்ததை இணையவழியில் படிவம் 29சி மூலம் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, தப்பில்லை.

புதுச்சேரி, கர்நாடகப் பதிவு எண் கொண்ட கார் விலை குறைவாகக் கிடைக்கிறதா? அந்த மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (படிவம் 28), தமிழ்நாட்டு வரி, புதிய பதிவு எண் என மூன்று வேலை பாக்கி இருக்கிறது. அவற்றையும் கூட்டிய பிறகு அது மலிவுதானா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக்

கார் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் உங்க காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது பாலிசி இன்னும் பழையவர் பெயரில் இருந்தால் சிக்கல்தான். அதனால் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் பெயர் மாற்றக் கோருங்கள். விபத்தில்லா ஆண்டுகளுக்கான நோ கிளைம் போனஸ் சலுகை காருக்கு அல்ல, அதன் பழைய உரிமையாளருக்குச் சொந்தம். ஆகவே உங்க பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடலாம்.

ஒரு வாகனத்துக்கு ஒரு ஃபாஸ்டேக்தான். விற்பவர் தன் கணக்கை மூடினால்தான் நீங்க புதியது வாங்க முடியும். சாவி கைமாறும் நாளிலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்க டோல்கேட்டைத் தாண்டும்போது பணம் அவர் கணக்கில் போகும்.

முதல் மாதம்

இருக்கிற பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல் கொஞ்சம் ஒதுக்கி வையுங்க. என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிடுவது பாதுகாப்பு. டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். சின்ன காரில் ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறினால் பிரேக் பிடிக்க அதிகத் தூரம் தேவைப்படும். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டுங்க.

பெயர் மாறியதும் ஆர்.சி.யில் உங்க கைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்க. அபராதத் தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் டிஜிலாக்கரில் சேர்த்துவிட்டால், சோதனையின்போது கைபேசியில் காட்டினாலே செல்லும். காரை விற்றவர்களும் ஒரு மாதம் கழித்து அதே பதிவு எண்ணை எம்பரிவாகனில் போட்டுப் பாருங்க. உங்க பெயர் இன்னும் அதிலேயே இருந்தால், அன்றைக்கே வாங்கியவருக்கு ஒரு போன் போடுங்க. கையில் உள்ள படிவம் 29 நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் போய் வாங்க.