யாத்திரையிலிருந்து சுற்றுலா வரை

சுற்றுலா என்னும் சொல் புதிது. அச்சொல் குறிக்கும் ஆசையோ மிகப் பழையது. ஊர் காண வேண்டும் என்ற விழைவு மனிதனுக்கு என்றும் உண்டு. ஆயினும் அதனைத் தீர்த்துக்கொள்ளும் வசதி நெடுங்காலம் மிகச் சிலருக்கே வாய்த்தது.

நம் நாட்டில் எளிய மக்களை நெடுந்தொலைவு நடக்க வைத்தது பெரும்பாலும் தெய்வ பக்தியே. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்றோர்க்கு வழிநெடுகச் சத்திரங்கள் நிழலும் உணவும் அளித்தன. அந்நாளைய யாத்திரையின் அருமையை ஓர் உதாரணத்தால் உணரலாம். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டார். உடன் சென்ற பரிவாரம் ஏறக்குறைய நூறு பேர். அவர் திரும்பியது 1831 செப்டம்பரில். செல்வாக்குள்ளவருக்கே 15 மாதங்கள் பிடித்ததென்றால், அன்றாடங்காய்ச்சி காசியை நினைக்கவும் முடியுமோ?

இந்நிலையை மாற்றியது நீராவி. இங்கிலாந்தில் 1841 ஜூலை 5ஆம் நாள் தாமஸ் குக் என்பவர், மதுவிலக்கு அன்பர்கள் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். பலர் சேர்ந்து சென்றால் தலைக்கு ஆகும் செலவு குறையும் என்ற எளிய கணக்கே பின்னாளில் பெருந்தொழிலாக வளர்ந்தது. தென்னாட்டில் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயில் ஓடியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்குப் பாதை வந்தது. 1908இல் மலை ரயில் உதகையை எட்டியது; 1914இல் பாம்பன் பாலம் இராமேசுவரத்தை இணைத்தது.

வண்டி மட்டும் இருந்தால் போதுமா? ஓய்வும் வேண்டும், கையில் மிச்சமும் வேண்டும். பிரான்ஸ் நாடு 1936இல் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையை அளித்தது. மத்திய அரசு 1956இல் தன் ஊழியர்க்குப் பயணச் சலுகை வழங்கியது. அதுவும் முதலில் சொந்த ஊர் சென்று வருவதற்கே. வண்டி, விடுமுறை, மிச்சப் பணம் ஆகிய இம்மூன்றும் கூடிய இடத்திலெல்லாம் சுற்றுலா பெருகிற்று. அளவு மீறியும் பெருகிற்று: உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று.

இனி நம் மர்பி டவுன் இல்லங்களை நோக்குவோம். நம்மவர் பலரை இங்குக் கொணர்ந்த அதே இருப்புப்பாதையில்தான் நாம் பொங்கலுக்கும் ஊர்த்திருவிழாவுக்கும் திரும்பிச் செல்கிறோம். விடுமுறையும் சேமிப்பும் அதிலேயே தீர்ந்துவிடுகின்றன. அதனைக் குறை கூறோம். பெற்றோரும் குலதெய்வமும் அங்கே இருக்கையில் செல்லாதிருப்பது எங்ஙனம்? ஆனால் நம் பிள்ளைகள் சொந்த ஊரையும் சரியாக அறியாமல், பிறந்த ஊரையும் அறியாமல் வளர்கிறார்களே, அதுவே நம் கவலை.

நமக்கு மிக அருகில் டொம்ளூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. "பிழைக்க வந்தவர்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனியும் பிள்ளை, அவ்வெழுத்துகளைத் தன் கையால் தொட்டுப் பார்க்கட்டும். உரிமை கொண்டாடுவதற்கன்று, இம்மண்ணில் கன்னடமும் தமிழும் நெடுங்காலமாக அண்டை வீட்டாராய் வாழ்ந்தவை என்பதை உணர்வதற்கே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. நாலைந்து குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கி, ஒரு வேனை அமர்த்திக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தாமஸ் குக்கின் கணக்கு நமக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் மறவாதீர்: கட்டுச்சோறு கட்டித்தரும் தாய்மாரை வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லாமல், முதல் இருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்லுங்கள்.